ஆண்டறிக்கை: எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் ஆடலும் இசையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நம் வரலாற்று வாசகர் வட்டத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. மழைக்காலத்தில் நூலக மேல்மாடி ஒழுகியதால் கீழ்த்தள வாசிப்பறைக்கு மாறினோம். அங்கே திரையில் படம் காட்டப் போதிய இருட்டு இல்லை. அச்சிட்ட பெரிய படங்களைக் கைமாற்றிப் பார்த்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் ஆண்டுப் பொருளுக்கு வருகிறேன்.

பண்டைய எகிப்தின் கல்லறைக் கலையில் நடனமும் இசையும் என்பதை இவ்வாண்டுப் பொருளாக எடுத்துக்கொண்டபோது, இது விருந்துக் கேளிக்கையைப் பற்றியதுதானே என்று சிலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஆண்டு முழுவதும் விடை சொல்லியிருக்கிறோம் என்று நம்புகிறேன். இந்தச் சுவர்களில் இருப்பவர்கள் தொழில் தெரிந்த கலைஞர்கள். அவர்களை ‘நடனப் பெண்கள்’ என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆகவே எந்தப் படத்திலும் முதலில் கைகளைப் பார்ப்பது, பிறகு கருவியை, அதன்பின் அருகிலுள்ள எழுத்தை என்று ஒரு முறை வகுத்துக்கொண்டோம்.

கெய்ரோவுக்குத் தெற்கேயுள்ள பழைய இடுகாடான சக்காராவிலிருந்து தொடங்கினோம். ஐந்தாம் அரச மரபின் காலத்து நிகாவ்ரேயின் கல்லறையில் ஒரு பாடகியும் யாழ் வாசிப்பவளும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். பாடகியின் பெயர் இத்தி, யாழ் வாசிப்பவள் ஹெக்கேனு. இரண்டு பெயர்களும் கல்லிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்குப் பிறகு நம் சிற்றூர் நூலகத்தில் அந்தப் பெயர்கள் உரக்க வாசிக்கப்பட்டதை இவ்வாண்டின் முக்கிய நிகழ்வாகவே நான் கருதுகிறேன்.

அந்தக் காலத்துப் பாடகர்கள் ஒரு கையைக் காதருகே வைத்துக்கொண்டு, மறு கையால் வாசிப்பவருக்கு ஏதோ சைகை காட்டுகிறார்கள். கெய்ரோவில் வாழ்ந்து ஆராய்ந்த ஜெர்மானிய இசையறிஞர் ஹான்ஸ் ஹிக்மான், இந்தச் சைகைகள் குறிப்பிட்ட சுரங்களைச் சுட்டுகின்றன என்று கருதினார். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. எகிப்தியர் எழுதிய இசைக் குறிப்பு எதுவும் அந்தக் காலத்திலிருந்து நமக்குக் கிடைக்காததால், ஒப்பிட்டுச் சரிபார்க்க வழியில்லை. இசை ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர், தாளம் போடும் கையைப் போல இதுவும் காலக் கணக்கைக் காட்டியிருக்கலாம் என்று வாதிட்டார். அன்றைய விவாதம் நூலகம் பூட்டும் நேரம்வரை நீண்டது. என் சாய்வும் அவர் பக்கமே.

அடுத்து மெரெருக்காவின் கல்லறை. ஆறாம் அரச மரபின் மன்னர் தெத்தியிடம் தலைமை அமைச்சராக இருந்த அவர், மன்னரின் மகளையே மணந்தவர். சுவரில் அந்த இளவரசி கட்டிலில் கணவருக்கு எதிரே அமர்ந்து யாழ் வாசிக்கிறாள். இசை பணியாட்களின் வேலை மட்டுமே என்ற எண்ணம் இதைப் பார்த்ததும் போய்விடுகிறது. அதே கல்லறையில் பெண்கள் கண்ணாடிகளையும் கை வடிவத் தாளக்கட்டைகளையும் ஏந்தி, இசைக்கும் ஆடலுக்கும் உரிய பெண் தெய்வமான ஹாத்தோருக்கான நடனம் ஆடுகிறார்கள். அருகிலுள்ள அங்க்மஹோரின் கல்லறையில் ஆடுபவர்கள் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறார்கள். நெடுநாள் பயிற்சி இல்லாமல் அந்த நிலையில் நிற்க முடியாது.

இறுதி ஊர்வலத்தை எதிர்கொண்டு ஆடும் ‘மூ’ ஆட்டக்காரர்களுக்கு ஒரு கூட்டத்தை ஒதுக்கினோம். செடித் தண்டுகளால் முடைந்த உயரமான முடி அணிந்த ஆண்கள் அவர்கள். எகிப்தில் ஆடல் சாவுச் சடங்கின் உள்ளேயே இருந்தது என்பதற்கு அவர்களைவிட நல்ல சான்று இல்லை.

அதிக நேரம் எடுத்துக்கொண்டவை தென் எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக்கரையிலுள்ள கல்லறைகள். நக்த் என்பவரின் சிறிய கல்லறையில் மூன்று பெண்கள்: ஒருத்தி பெரிய யாழ் மீட்டுகிறாள், ஒருத்தி இரட்டைக் குழல் ஊதுகிறாள், நடுவில் இருப்பவள் லூட் என்னும் நீண்ட கழுத்துள்ள நரம்புக் கருவியை வாசித்தபடியே தலையைத் திருப்பித் தோழியைப் பார்க்கிறாள். சேர்ந்து வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்தக் கணத்தை ஓவியர் கவனித்திருக்கிறார். அவர்கள் தலையிலுள்ள கூம்புகள் வெறும் ஓவிய மரபா, உண்மையில் அணிந்தவையா என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்து வந்தார்கள். அமர்னா என்ற பண்டைய எகிப்திய நகரின் இடுகாட்டில் அப்படிப்பட்ட கூம்புகளே கிடைத்த செய்தி 2019-இல் வெளியானது.

கர்னாக் ஆமூன் கோவிலின் தானியக் கணக்கெழுத்தரான நெபாமூனின் ஓவியத் துண்டுகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.மு. 1350 அளவில் வரையப்பட்டவை. அவற்றைப் பெயர்த்தெடுத்த கல்லறை எங்கே இருந்தது என்பது இன்று தெரியாமலே போய்விட்டது. இது எனக்கு ஆறாத வருத்தம். விருந்துத் துண்டில் அமர்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி இரட்டைக் குழல் ஊத, மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். இருவரின் முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. பக்கவாட்டு முகமே விதியாக இருந்த கலையில் இது அபூர்வம். அவர்களின் உள்ளங்கால்கூடத் தெரிகிறது. அவர்களுக்கு மேலே எழுதியிருப்பது பாடலின் வரிகள்: மணமலர்களையும், புதுவெள்ளம் நிறைந்த நீர்வழிகளையும், ப்தாஹ், கெப் ஆகிய தெய்வங்களையும் போற்றுகின்றன. பாட்டின் சொல் கிடைத்திருக்கிறது, மெட்டு கிடைக்கவில்லை.

யாழ் மீட்டுபவன் பாடுவதாகக் கல்லறைகளில் எழுதப்பட்ட ‘யாழ்ப்பாடகன் பாடல்’ பற்றிய கூட்டம் பலரையும் உலுக்கியது. போனவர் எவரும் திரும்பி வந்து சொன்னதில்லை, ஆகவே இருக்கும் நாளைக் கொண்டாடு என்று கல்லறைச் சுவரிலேயே பாடத் துணிந்தவர்கள் எகிப்தியர். பாஅத்தெனெம்ஹெப் என்பவரின் சக்காரா கல்லறையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு இன்று நெதர்லாந்தின் லைடனில் இருக்கும் சுவரில் அந்தப் பாடல் பார்வையற்ற யாழ் வாசிப்பவனோடு பதிவாகியிருக்கிறது. மறுவுலக வாழ்வுக்காகவே எழுப்பிய கட்டடத்தில் அந்த ஐயத்துக்கும் இடம் கொடுத்தார்கள். அந்தத் துணிவை நான் வணங்குகிறேன்.

உண்மையான கருவிகளையும் பார்த்தோம். இளம் மன்னர் துத்தன்காமூனின் கல்லறையில் கிடைத்த எக்காளங்கள் 1939-இல் பி.பி.சி. வானொலிக்காக ஊதப்பட்டன, அந்த ஒலிப்பதிவைக் கூட்டத்தில் கேட்டோம். ஆனால் என் மனத்தில் நிற்பது ஹர்மோசே என்ற பாடகனின் எளிய அடக்கம்தான். அவனோடு அவன் லூட்டையும் புதைத்திருந்தார்கள். மீட்டும் கட்டை கயிற்றில் கோத்தபடி அதிலேயே தொங்குகிறது.

பள்ளி விடுமுறையில் நடத்திய ஓவிய முகாமில் சிறுவர்கள் சுவர்க் காட்சிகளைக் கட்டமிட்டுப் படியெடுத்தார்கள். அவை வாசிப்பறையில் இன்னும் மாட்டப்பட்டிருக்கின்றன.

வரும் ஆண்டுக்கு, அரச கல்லறைகளைக் குடைந்து வரைந்த தெய்ர் எல் மெதினா தொழிலாளர் குடியிருப்பைப் பொருளாகக் கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. படங்களை அச்சிட்டுத் தந்த உறுப்பினருக்கும், இடம் தந்த நூலகருக்கும், முகாமுக்குத் தேநீர் வழங்கிய அன்பர்களுக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன். இவ்வறிக்கையையும் அடுத்த ஆண்டுப் பொருளையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்