"ரெண்டு மாசமாட்டு குளிக்கல்ல, டாக்டர்"

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இதழின் மருத்துவப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு அக்கா என்னிடம் வந்தார். கண்ணாடி போட்டும் ஒரு வரி அவருக்குப் பிடிபடவில்லை. 'அதீத உதிரப்போக்கு' என்று அச்சாகியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இது என்ன தீனம், பிள்ளே?" என்று கேட்டார். பெரும்பாடு, அக்கா, என்றேன். "அத அப்படியே எழுதப்பிடாதா? வேதத்துல அப்படித்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை என் திண்ணையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கா சொன்னது சரிதான். எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற யாருக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பெரும்பாடுள்ள அந்த ஸ்திரீயைத் தெரியும். வைத்தியர்கள் பலரிடம் போய்க் கைக்காசையெல்லாம் தொலைத்தும் குணமாகாதவள் அவள். (அந்த விஷயத்தில் காலம் பெரிதாக மாறவில்லை.) நம் ஆண்கள் பத்திரப்பதிவு ஆபீஸில் அரை நாள் நின்றுவிட்டு வந்து "பெரும்பாடு பட்டுட்டேன்" என்கிறார்கள். அந்த வார்த்தைக்குள் ஒரு பெண்ணின் நோய் இருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் களியக்காவிளைக்குப் பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குறை சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. அதே இதழில் தென் திருவிதாங்கூரில் ஆங்கில மருத்துவம் வந்த கதையும் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. 1838இல் நெய்யூரில் மிஷனரி டாக்டர் ராம்சே தொடங்கியதிலிருந்து, எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் அதே நெய்யூரில் டாக்டராகத் தங்கியது வரை நன்றாகவே இருந்தது. நெய்யூரில் வயிற்றில் ஆப்பரேஷன் செய்துகொண்ட தழும்பை என் தாத்தா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார், அந்த நினைப்பில் ஆசையாகப் படித்தேன். ஆனால் பக்கம் முடிகிற வரைக்கும் ஒரு பெண் பெயர்கூட வரவில்லை.

மேரி புன்னன் லூக்கோஸ் என்று ஒருவர் இருந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், பெண் என்பதால் அறிவியல் படிக்க இடம் தரவில்லை. சரி என்று வரலாறு எடுத்து பி.ஏ. முடித்தார். அப்புறம் கப்பலேறி லண்டன் போய் 1915இல் எம்.பி.பி.எஸ். முடித்து, டப்ளின் ரொட்டண்டா மருத்துவமனையில் பிரசவம் பார்க்கப் பழகி, 1916இல் தைக்காடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். 1938இல் திருவிதாங்கூர் முழுவதுக்கும் சர்ஜன் ஜெனரல், அதாவது மருத்துவத் துறைக்கே தலைவர். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 'திருவிதாங்கூர் முழுவதும்' என்றால் அன்றைக்கு கல்குளமும் விளவங்கோடும் சேர்த்துத்தான். நாகர்கோவில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியவரும் அவரே. 1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லை மாறியபோது நாம் இந்தப் பக்கம் வந்துவிட்டோம், அவர் பெயர் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. முத்துலட்சுமி ரெட்டியை நமக்குத் தெரியும், தெரியவும் வேண்டும். அவர் பிறந்தது 1886 ஜூலை 30, மேரி பிறந்தது அதே வருடம் ஆகஸ்ட் 2. மூன்று நாள்தான் வித்தியாசம். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் பேப்பரில் ஒரு படம் வந்தால் வெட்டி வைத்துக்கொள்வேன்.

மேரி செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ஊர் ஊராகப் பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டிருந்த மருத்துவச்சிகளை அவர் விரட்டவில்லை. அவர்களுடைய பிள்ளைகளையே கூப்பிட்டுப் பேறுகாலப் பயிற்சி கொடுத்தார்.

என் அப்பாவின் அம்மா அப்படி ஒரு மருத்துவச்சி. எங்கள் ஊரில் வயற்றாட்டி என்பார்கள். எந்தப் பயிற்சிக்கும் போனவரில்லை. பனையோலைப் பெட்டிக்குள் கத்தரி, நூல்கண்டு, ஒரு சின்னக் குப்பியில் நல்லெண்ணெய். கூலி, தேங்காயும் நெல்லும், முதல் பிள்ளை என்றால் ஒரு கோடித் துணியும். பிள்ளை பிறந்து எல்லோரும் ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டு நிற்கும்போது பாட்டி கேட்கிற ஒரே கேள்வி, "நஞ்சு விழுந்தாச்சா?"

நஞ்சு. பாடப் புத்தகத்தில் பிளாசன்டா. பத்து மாதம் பிள்ளைக்குச் சோறு போட்ட உறுப்புக்கு ஏன் விஷத்தின் பெயர் வைத்தார்கள் என்று பயிற்சிக் காலத்தில் யோசித்திருக்கிறேன். பிள்ளை வந்த பிறகும் அது உள்ளே தங்கினால் ரத்தம் நிற்காது, சீழ் பிடிக்கும், தாய் போய்விடுவாள். அதனால்தான் அந்தப் பெயர் என்று நான் எடுத்துக்கொண்டேன். வகுப்பில் பிரசவத்தின் மூன்றாம் கட்டம் என்று அரை மணி நேரம் எடுத்த பாடம் பாட்டியின் கேள்விக்குள் இருந்தது.

சூட்டு வலியும் இப்படித்தான். மாசம் முடிவதற்கு முன்னால் விட்டு விட்டு வருகிற வலி. சீரகம் வறுத்துக் கொதிக்க வைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். அடங்கினால் சூட்டு வலி, விடாமல் நெருங்கி நெருங்கி வந்தால் பேற்று வலி, பெட்டியைத் தூக்கு. பிள்ளை தலை கீழே இறங்கி மேல்வயிறு லேசானால் 'வயிறு எறங்கிட்டு'. பிள்ளையும் நஞ்சும் வெளியே வந்து தாயும் நலம் என்றால்தான் 'ரெண்டும் ரெண்டாயாச்சு'. பிள்ளை மட்டும் வந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பாட்டி செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னதும் இதே பாட்டிதான். கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று பிள்ளை முகத்தை எண்ணெயில் பார்க்க வைத்த கூத்தும் உண்டு. கொப்பூழில் சாணிச் சாம்பல் வைத்து, ஜன்னி கண்டு செத்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஜன்னியைத் தடுக்கிற டி.டி. (டெட்டனஸ்) ஊசியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்த செருப்புகளுக்குக் கணக்கில்லை. 2015இல் இந்தியாவில் தாய்க்கும் பச்சைப் பிள்ளைக்கும் வருகிற அந்த ஜன்னி ஒழிந்தது என்று அறிவித்தபோது, சாயங்காலம் தனியாக உட்கார்ந்து ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். தப்பை விட்டுவிட்டோம், நல்லது. அதோடு வார்த்தைகளையும் சேர்த்து ஏன் விட வேண்டும்?

விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தேன். எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகள் நாள், கூட்டம் நெருக்கியடித்தது. அண்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்திருந்தாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. டாக்டர் இளைஞர், வட மாவட்டத்துக்காரர், அருமையான பையன். அவரிடம் இவள் சொன்னது: "ரெண்டு மாசமாட்டு குளிக்கல்ல, டாக்டர். அடிவயித்துல ஒரு சைடாட்டு நொம்பலம். நேத்து ரெண்டு தடவ தல சுத்தி விழுந்தேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, வீட்ல தண்ணி வரலையா?" என்றார். வரிசையில் நின்ற கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டாள், மேற்கொண்டு பேசவில்லை. வாய்வு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

குளிக்கவில்லை என்றால் தீட்டு வந்து தலைமுழுகவில்லை என்று அர்த்தம். மற்ற ஊர்களில் 'முழுகாம இருக்கா' என்பார்கள். கேரளத்துப் பாறசாலை தாண்டினால் 'குளி தெற்றி'. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பேச்சுதான். டாக்டருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க எந்தப் பாடத்திலும் ஆளில்லை. அவர் வீட்டில் அம்மா 'பீரியட்ஸ் தள்ளிப் போச்சு' என்றுதான் சொல்லியிருப்பார்.

தடுப்பூசிப் பெட்டியோடு வராந்தாவில் நின்ற என்னிடம், மாத்திரை வாங்கிக்கொண்டு போகிற வழியில் அவள் சும்மா சொன்னாள்: "தோளும் குத்துது, சிஸ்டரே." எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் மேலே ஏறி உதரவிதானத்தைத் தொட்டால் தோளில்தான் வலிக்கும். அவளை அப்படியே பெஞ்சில் படுக்க வைத்து, சிறுநீர் அட்டையில் பார்த்தால் இரண்டு கோடு. நாடி ஓட்டம் நூற்று இருபதுக்கு மேல். டாக்டரைக் கூப்பிட்டேன். ஒரே நொடியில் புரிந்துகொண்டு அவரே 108இல் கூட ஏறிப் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தபோது, கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருந்தது. பிழைத்துக்கொண்டாள். இப்போது இரண்டு பிள்ளைகள், பெரியவன் பத்தாம் வகுப்பு.

மறுநாள் காலை அந்த டாக்டர் ஒரு புது நோட்டை என் மேஜையில் வைத்து, "அக்கா, இந்த ஊர் பாஷைய எனக்கு எழுதிக் கொடுங்க" என்றார். அவர் மாற்றலாகிப் போகிற வரை நானும் மற்ற சிஸ்டர்களும் கிழவிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதினோம். தீனம், நோய். சொகமில்ல, உடம்பு சரியில்லை. வேதனை என்றால் மனக்கஷ்டம் இல்லை, வலி. பனி என்றால் மற்ற ஊரில் குளிர்காலம், பாறசாலைக்காரி சொன்னால் காய்ச்சல், தெர்மாமீட்டரை எடு. போகும்போது நோட்டை ஜெராக்ஸ் போட்டு எடுத்துக்கொண்டு, அசலை என்னிடமே கொடுத்துவிட்டார்.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. 'லேடி டாக்டர்' என்று இன்றைக்கும் போர்டு வைக்கிறார்கள். ஆண் டாக்டர் என்று எங்கேயாவது போர்டு பார்த்திருக்கிறீர்களா? ஆனால் பிள்ளைப்பேறு என்று வந்தால் நம் ஊரில் கடவுளே பெண் வேஷம்தான் போட வேண்டியிருந்தது. காவிரி வெள்ளத்தில் தாய் அந்தக் கரையில் மாட்டிக்கொள்ள, சிவன் அவள் உருவத்தில் வந்து மகளுக்குப் பேறு பார்த்ததாகத்தானே திருச்சி மலையில் தாயுமானவர் என்று கும்பிடுகிறோம்? வந்தவர் நஞ்சு விழுந்ததா என்று கேட்டாரா தெரியாது, கேட்டிருப்பார்.

என் வேண்டுகோள் இரண்டு. மேரி புன்னன் லூக்கோஸைப் பற்றி வரலாற்றுப் பக்கத்தில் ஒரு கட்டுரை. மருத்துவப் பக்கத்தில் 'அதீத உதிரப்போக்கு' என்று எழுதும்போது பக்கத்திலேயே 'பெரும்பாடு' என்றும் ஒரு வார்த்தை. இடம் போதாது என்பீர்கள். ஐந்து எழுத்துதான், எண்ணிப் பார்த்தேன்.

நோட்டை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மழையில் நனைந்ததால் நாலைந்து பக்கம் வாசிக்க முடியாது, அதில்தான் பச்சைப் பிள்ளைகளுக்கு வருகிற நோய்களின் பெயர்கள் இருந்தன. உரம் விழுந்தது, தொக்கம், மாந்தம் மூன்றும் ஞாபகத்தில் இருக்கின்றன. செங்கோட்டை, கம்பம், திருத்தணிப் பக்கத்து வாசகிகள் வீட்டில் பாட்டிகள் இருந்தால் மிச்சத்தைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். அந்த டாக்டருக்கு நான் யாரென்று தெரிந்துவிடும், சங்கடப்படுவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
களியக்காவிளை அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.