மலைக்கிராமத்துக்குப் பாதை மறுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த பர்கூர் மலையின் உட்கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். மழை பெய்துவிட்டால் எங்கள் மண்பாதையில் 108 ஆம்புலன்ஸ் ஏற முடியாததால், பிரசவ வலி கண்ட பெண்களைக்கூட மூங்கிலில் போர்வையால் தொட்டில் கட்டி, யானை நடமாடும் காட்டுவழியே தார்ச்சாலை வரை மாறி மாறித் தோள்கொடுத்துச் சுமக்கிறோம். ராகிக் காவலுக்காக இரவெல்லாம் பரணில் கண்விழித்தவர்களே பகலில் தொட்டிலையும் தூக்க வேண்டியிருக்கிறது.

சாலை கேட்டால், வனநிலம் என்ற ஒற்றைப் பதிலே கிடைக்கிறது. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது என்ற வரம்புடன், கிராம சபையின் பரிந்துரைப்படி ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைச் சாலைக்கு ஒதுக்க இடமளிக்கிறது. மனு வாங்கும் அலுவலர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். எங்கள் கிராம சபைத் தீர்மானத்தை ஏற்பதோ மறுப்பதோ, காரணத்துடன் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பர்கூர் மலைவாசி ஒருவர்