செந்தூலிலிருந்து ஒரு கணக்கு: சுகாதார அமைச்சுக்குத் திறந்த மடல்

மலேசியச் சுகாதார அமைச்சில் திட்டமிடும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு வணக்கம். பிறவி இருதயக் கோளாறோடு பிறக்கும் பிள்ளைகளை எண்ணி ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

என் அக்கா மகள் பிறந்த மூன்றாம் நாள், 'எல்லாம் சரியா இருக்கு' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் பால் குடிக்கும்போது அவளுக்குத் தலையெல்லாம் வியர்த்தது. சளியாக இருக்கும் என்று அம்மா ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டினார். உதடு நீலமாகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். எங்கள் நிறத்தில் நீலம் அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படாது. எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. பிள்ளைக்கு இன்று ஏழு வயது; நெஞ்சில் நீளமாக ஒரு தழும்பு, ஓயாத வாய்.

கருவில் திறந்திருக்கும் ஒரு சிறு இரத்தக்குழாய் பிறந்த சில நாளில் தானாக மூடிக்கொள்ளும். சில பிறவி இருதயக் கோளாறுகளில் அந்தக் குழாய்தான் உயிரைத் தாங்கி நிற்கிறது. அது மூடுவதற்குள் பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிடுகிறது.

பிறவி இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் மொத்தம் எத்தனை? ஜொகூரில் 2006 முதல் 2015 வரை பிறந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வில், உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுக்கு 6.7 பேர் என்று வந்தது. நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பிறப்பு என்றால், சுமார் 2,700 பேர். இதில் நான்கில் ஒரு பங்குக்கு ஒரு வயதுக்குள்ளேயே அறுவையோ வேறு சிகிச்சையோ வேண்டியிருக்கும். எத்தனை ஐசியு கட்டில், எத்தனை தாதியர் வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணிக்கை தெரிந்த பிறகுதானே?

ஜொகூரில் எண்ண முடிந்ததற்குக் காரணம், அங்கே இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மருத்துவமனைக்குப் போனதுதான். கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமும் சேர்ந்த எங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படியில்லை. ஒரு பிள்ளை ஐஜேஎன் என்கிற தேசிய இருதயக் கழகத்துக்குப் போகும், இன்னொன்று அரசாங்க மருத்துவமனைக்கு, மூன்றாவது தனியாருக்கு. ஒவ்வொன்றும் தன்னிடம் வந்தவர்களை எண்ணலாம். வராமலே போனதை யார் எண்ணுவது? அதனால்தான் கேட்கிறேன்: மருத்துவமனைவாரியாக வேண்டாம், தாய் குடியிருக்கும் மாவட்டவாரியாக எண்ணுங்கள். பிறந்து எத்தனையாம் நாளில் கண்டுபிடித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். எந்த மாவட்டத்தில் தாமதம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கோளாறு இருக்குமோ என்று அறிய, பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கச் சில நிமிடம் போதும். அந்த அளவையும் ஒவ்வொரு பிரசவ வார்டிலும், தனியார் உட்பட, பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கருத்த தோலில் ஆக்சிஜனை அளக்கும் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே இனவாரியாகவும் பிரித்துப் பாருங்கள். இது எங்கள் வீட்டுச் சங்கதி என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. அறுவையில் பிழைத்தவர்கள் வளர்கிறார்கள். என் அக்கா மகளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் பதினோரு வருடம்; அதன் பிறகு குழந்தைகள் வார்டில் இடமில்லை. பெரியவர்களுக்கான கிளினிக்கில் அன்று இவளோடு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்பதை இன்றே எண்ணிவிடலாம். அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு சித்தி