நூறு பவுண்டும் ஒரு கிழவியும்

அன்புள்ள முத்து,

பேத்தி பிறந்த சேதி படித்தேன். மனசு நிறைந்துவிட்டது. ஐரிஷ் ஓரங்க நாடகங்களில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். ‘கேத்லீன் நி ஹூலிஹன்’தான். 1902 ஏப்ரல் 2 அன்று டப்ளினில் முதலில் மேடையேறியது. கிழவியாக நடித்தவர் மாட் கான். எழுதியவர் என்று வெகுகாலம் கவிஞர் யேட்ஸ் பெயர் மட்டுமே சொல்லப்பட்டது. ஆனால் குடிசைக்குள் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி, நாடகாசிரியர் லேடி கிரிகரியின் கை.

கதை நடப்பது 1798-ல். ஆங்கில ஆட்சியை எதிர்க்கும் ஐரிஷ்காரர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படை அயர்லாந்தின் கில்லாலாவில் இறங்குகிற நாள். விடிந்தால் மைக்கேலுக்குக் கல்யாணம். சீதனம் 100 பவுண்டு. முதல் ஆண்பிள்ளை பிறக்கும்வரை பாதியை வைத்துக்கொள்கிறேன் என்ற சம்பந்தியிடம், முழுசும் முன்னாலேயே வேண்டும் என்று அப்பா பீட்டர் கறாராகப் பேசி வாங்கிய பணம். இந்தப் பேச்சை அவசரப்பட்டு ஓட்டிவிடாதே. பணத்தின் கனம் சபைக்கு உறைத்தால்தான், பின்னால் மைக்கேல் அதை விட்டுப்போவது உறைக்கும்.

பிறகு கிழவி வருகிறாள். வீட்டில் அந்நியர் புகுந்துவிட்டார்கள், நாலு பசும் வயலும் பறிபோயிற்று என்கிறாள். நாலு வயல் என்பது அயர்லாந்தின் நாலு மாகாணம். கிழவிதான் அயர்லாந்து; நாட்டை ஒரு பெண்ணாகப் பாடுவது அங்கே பழைய கவிமரபு. பலரும் தவறுவது இங்கேதான்: நடிகை நுழையும்போதே ராணிபோல நிமிர்ந்து நிற்பாள். அப்படி நின்றால், பீட்டர் அவளுக்கு ஒரு ஷில்லிங் நீட்டுவது ஒட்டவே ஒட்டாது. வழிப்போக்கியாகவே வரட்டும். வெள்ளிக்காசு வேண்டாம் என்று மறுக்கும்போதுதான் குரல் மாற வேண்டும்.

கடைசியில் கிழவி போகிறாள்; கல்யாணத்தையும் பணத்தையும் விட்டு மைக்கேலும் அவள் பின்னால் போராடப் போய்விடுகிறான். அவள் இளமையாவதை மேடையில் காட்டவே கூடாது. விளக்கு வித்தையும் வேண்டாம். கிழவி போனதைப் பார்த்தாயா என்று பீட்டர் கேட்டதற்கு, இல்லை, ஓர் இளம்பெண்ணைப் பார்த்தேன், ராணியின் நடை அவளுக்கு என்று சின்னவன் பேட்ரிக் சொல்கிறான். அவ்வளவுதான், திரை. பேட்ரிக் அதைச் சாதாரணமாகச் சொல்ல வேண்டும்.

கூடவே இன்னொன்று வேண்டுமானால், லேடி கிரிகரியின் ‘தி ரைசிங் ஆஃப் தி மூன்’, 1907. துறைமுகத்தில் ஒரு பீப்பாய். அதன்மேல் முதுகோடு முதுகாகப் போலீஸ் சார்ஜென்டும், பாட்டுக்காரன் வேஷத்தில் தப்பியோடிய புரட்சிக்காரனும். அவன் தலைக்கும் விலை 100 பவுண்டு! பாட்டில் அவன் விட்ட அடியைச் சார்ஜென்ட் எடுத்துக் கொடுக்கிறான். அந்த அடி அவன் வாயில் தன்னை மறந்து வர வேண்டும். அழுத்திச் சொன்னால் கெட்டது.

பீட்டர் பகுதியை நீயே வாசி. மேசையில் நிஜக் காசு இருக்கட்டும், எண்ணுகிற சத்தம் கேட்க வேண்டும்.

அன்புடன்,
ராஜு