டிக் டார்ச் மாற்றும் முன் இணைப்புப் பின்னைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். வீட்டிலேயே டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால், காற்று படாமல் கேஸ் சூழப் பற்றவைக்கும் முறை) செய்கிறேன். கைப்பிடி உருகிப்போன என் 17 மாடல் டார்ச்சுக்குப் பதிலாக, 200 ஆம்பியர் தாங்கும் என்று கடையில் 26 மாடல் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சொருகினால் நுழையவே இல்லை, என் மெஷினில் 10-25 அளவு சாக்கெட், டார்ச் கேபிள் முனையில் அதைவிடப் பெரிய 35-50 அளவு பின். ஆம்பியருக்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்தப் பின்னும், கேஸ் எந்த வழியாகப் போகிறது என்பதும்தான். மெஷினில் கேஸ் வால்வு இல்லையா, டார்ச் தலையிலேயே திருகு வால்வு உள்ள 17வி வாங்குங்கள். மெல்லிய தகடு மட்டும் பற்றவைப்பவர்களுக்கு 9 போதும், 125 ஆம்பியர், மணிக்கட்டு வலிக்காது. ஆனால் 17-க்கு வாங்கிவைத்த காலெட்டும் (டங்ஸ்டன் கம்பியைப் பிடிக்கும் கவ்வி) முனையில் மாட்டும் பீங்கான் கப்பும் 26-க்குச் சேரும், 9-க்குச் சேராது. கடைக்காரர்களே, விற்கும் முன் இணைப்புப் பின்னின் அளவைக் கேளுங்கள்.

— ஒரு வாசகர், கோவை