மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தாரா உங்கள் நிருபர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மாவட்டப் பக்கத்தில், கரண்டும் டீசலும் இல்லாமல் வெறும் காந்தத்தால் ஓடும் மோட்டார் என்று அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். கடைசிப் பத்தியில் ஒரு வரி: "காந்தம் இருக்கும்வரை இது நிற்காமல் ஓடும் என்பதை நேரில் கண்டோம்." எதை ஐயா கண்டார் உங்கள் நிருபர்? எவ்வளவு நேரம் நின்று கண்டார்? நீங்கள் போட்ட படத்திலேயே மேசைத் துணி தரை வரை தொங்குகிறது, ஓரமாக ஒரு பைக் பேட்டரி வேறு, "ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும்" என்ற விளக்கத்தோடு.

நான் கடலூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து காயில் கட்டுவதுதான் பிழைப்பு, படிப்பு ஐடிஐயோடு சரி. பத்திரிகை ஆசிரியருக்கு நான் பாடம் எடுக்கக் கூடாதுதான். ஆனால் அந்த மோட்டாரை வாங்கப் புறப்பட்டவர்கள் உங்கள் ஆபீசுக்கு வருவதில்லை, என் கடைக்குத்தான் வருகிறார்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், என் பழைய வாடிக்கையாளர், உங்கள் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். தன் 5 எச்பி மோட்டாரை இந்த மாதிரி மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். முடியாதய்யா, இது நடக்காத காரியம் என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்கான், அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கேயோ அட்வான்ஸ் வேறு கொடுத்துவிட்டாராம்.

காந்தம் இழுக்கும், தள்ளும், அதில் பொய் இல்லை. சக்கரத்தில் ஒட்டிய காந்தம் சட்டத்தில் இருக்கும் காந்தத்தை நோக்கி வரும்போது வேகம் எடுக்கும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். தாண்டிப் போகும்போது அதே காந்தம் பின்னாலிருந்து பிடித்து இழுக்குமே, அதை யார் பார்ப்பது? வரும்போது கொடுத்ததையெல்லாம் போகும்போது பாக்கியில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கு வந்தால் மிச்சம் பூஜ்யம், பேரிங் உராய்வும் காற்றும் தின்றது போக நஷ்டம்தான். காந்தத்தைச் சாய்த்து ஒட்டு, நடுவில் இரும்புத் தகட்டை விட்டு மறை என்றெல்லாம் தந்திரம் சொல்வார்கள், அந்தத் தகட்டை நுழைத்து எடுக்க ஆகும் உழைப்பு வந்து கணக்கை நேர் செய்துவிடும். ஒன்றைப் பிடித்து நிறுத்தும் விசை வேறு, வேலை செய்யும் ஆற்றல் வேறு. சுவரில் அடித்த ஆணி வருஷம் முழுக்கக் காலண்டரைத் தாங்குகிறது, அதை வைத்து யாராவது தண்ணீர் இறைக்கிறார்களா?

சரி, காந்தத்துக்குள் இருக்கும் ஆற்றல் தீரும் வரையாவது ஓடுமே என்பவர்களுக்கு: ஒரு ரூபாய் நாணயம் அளவு நியோடிமியம் காந்தத்தில் இருப்பதை வழித்து எடுத்தாலும் ஒரு ஜூல் ஆற்றல்கூடத் தேறாது. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல்.

சைக்கிள் டைனமோவிலும் காந்தம்தான் இருக்கிறது. ஒயரைப் பிடுங்கிவிட்டு மிதித்தால் கொஞ்சம் லேசு, லைட் எரிந்தால் மிதி கனக்கும். வெளிச்சத்துக்குக் கூலி கொடுப்பது கால்தான்.

இதில் "உலகிலேயே முதன்முறையாக" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். 1269லேயே பீட்டர் பெரெக்ரினஸ் என்ற பிரெஞ்சுக்காரர் காந்தத்தால் தானே சுற்றும் சக்கரத்தை விவரித்து எழுதிவிட்டார், 750 வருஷமாக அது சுற்றிய பாடில்லை. பாரிஸ் அறிவியல் கழகம் 1775ல், இந்த மாதிரி நிற்காத இயந்திரங்களை இனிமேல் பரிசீலிக்கவே மாட்டோம் என்று சொல்லிவிட்டது. காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று பெருமையாகப் போட்டீர்களே, நம் 1970ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, முதல் உட்பிரிவைப் படித்தீர்களா? இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானது கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது. விண்ணப்பம் யார் வேண்டுமானாலும் போடலாம்.

உங்கள் பேப்பருக்கு இது புதிதும் அல்ல. பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்று ஒரு டப்பாவுக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம் போட்டீர்கள். நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஒரு கண்டென்சரும் பச்சை லைட்டும்தான். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது, கண்டென்சர் போட்டால் அது குறையாது. அப்போதும் எழுதினேன், நாலு வரியாக வெட்டி, விளம்பரம் என்ற சொல்லையே எடுத்துவிட்டுப் பிரசுரித்தீர்கள், நன்றி. 1996ல் மூலிகை பெட்ரோல் என்று நாடே ஆடியது, 2016ல் கோர்ட் தண்டனை கொடுத்ததை எத்தனை பேர் படித்தார்கள்?

பக்கத்தில் நெய்வேலி இருக்கிறது. ஊர் ஊராக நிலத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள், மலை மாதிரி மண்ணைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரியை எரிக்கிறார்கள், இதெல்லாம் பொழுது போகாமலா? 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துக் கம்பமெல்லாம் சாய்ந்து கடலூரே இருட்டில் கிடந்தபோது எந்தக் காந்தம் வந்து விளக்கு ஏற்றியது?

நான் கேட்பது சின்ன விஷயம். அந்த நிருபரையே மறுபடி அனுப்புங்கள். பேட்டரியைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு, அந்த மோட்டாரில் ஒரு 9 வாட் பல்பை எரியவிட்டு, விடியும் வரை பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். டீச்செலவு என்னுடையது. நடந்ததை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள், அந்தப் பெரியவருக்குக் காட்ட எனக்கு ஒரு பிரதி வேண்டும்.

அப்புறம், "மணிக்கு 500 வாட் மின்சாரம் தயாரிக்கும்" என்று எழுதுவதையாவது நிறுத்துங்கள். வாட் என்பதே ஒரு நொடிக்கு எவ்வளவு ஆற்றல் என்ற கணக்குதான், அதற்கு முன்னால் 'மணிக்கு' வராது. இதையும் போன வருஷமே எழுதியிருந்தேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.