கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. இத்தனை வருஷம் கழித்து எம்.எஸ்சி. நர்சிங் சேர்ந்துவிட்டாயே, அவ்வளவு சந்தோஷம் எனக்கு! இங்கே ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தினம் நாலு தென்னை மட்டையை முற்றத்தில் போட்டுவிட்டுப் போகிறது.

ஆய்வுக்கான கட்டுரைகளை எந்த டேட்டாபேஸில் தேடுவது என்று கேட்டிருந்தாய். உன் கேள்வி என்ன என்று முதலில் சொல், அப்புறம் டேட்டாபேஸ்.

நேற்று வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் (வலிதணிப்புச் சிகிச்சை) வண்டியில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போனேன். இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவில் படுக்கைப்புண். மகள் ராத்திரியெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அலாரம் வைத்து எழுந்து பாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். கண் இரண்டும் குழி விழுந்து கிடக்கிறது. அந்தப் புண்ணுக்கு எந்த மெத்தை நல்லது என்பது ஒரு கேள்வி. அதற்கு, சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் லைப்ரரி, மருத்துவக் கட்டுரைகளின் பெரிய பட்டியலான பப்மெட் இரண்டிலும் தொடங்கலாம். அந்த மகள் எப்படித் தாக்குப்பிடிக்கிறாள் என்பது வேறு கேள்வி. அதற்கு சினால் (CINAHL) வேண்டும். நர்சிங்குக்கென்றே 1961இல் அச்சுப் பட்டியலாக வந்தது அது. பப்மெட்டில் சேராத நர்சிங் இதழ்கள் பலவும் அதில் கிடைக்கும். மனச்சோர்வுப் பக்கம் போனால் உளவியல் கட்டுரைகளுக்கான சைக்இன்ஃபோவையும் பார். மருந்து என்றால் எம்பேஸ். பப்மெட் 1997இலிருந்து எல்லோருக்கும் இலவசம். சினாலுக்குச் சந்தா உண்டு, உங்கள் கல்லூரி நூலகரிடம் இன்றே கேள்.

இன்னொன்று, நான் பட்டது. என் ஆய்வுக்கு 'பெட் சோர்' என்று மட்டும் போட்டுத் தேடிவிட்டு, இவ்வளவுதான் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டேன். அதே புண்ணுக்கு டெகுபிட்டஸ் என்று பெயர், பிரஷர் அல்சர் என்று பெயர். 2016இல் அமெரிக்க நிபுணர் குழு அதை பிரஷர் இன்ஜுரி என்று மாற்றியது. பப்மெட்டில் ஒரே பொருளுள்ள சொற்களுக்குப் பொதுவாகக் கொடுக்கும் மெஷ் (MeSH) தலைப்பு இவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்கும். ஆனால் பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைக்கும் அந்தத் தலைப்பு ஏறியிருக்காது. அதனால் எல்லாப் பெயரையும் நடுவில் 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') போட்டுச் சேர்த்துத் தேடு. தேடிய தேதி, போட்ட சொற்கள், எத்தனை கிடைத்தது, மூன்றையும் அன்றன்றே நோட்டில் எழுதி வை.

உன் கேள்வியை ஒரே வரியில் எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வண்டி இல்லை. போனில் உட்கார்ந்து சொற்களைச் சேர்த்து எழுதலாம்.

அன்புடன்,
உன் தோழி